சிற்றுயிரும் எடுக்குங் கையும்

ஓருயிர் மற்றோருயிர்க்குச் செய்யுந் துன்பம் பலதிறப்படும். பகையினாற் செய்வதுண்டு, பசியினாற் செய்வதுண்டு, பொருளாசையினாற் செய்வதுண்டு. இவற்றைச் செய்வோன் தான் செய்வது இன்னதென்று அறிவான். கண்டோரும் அவனைக் கடிந்துரைப்பர். இவற்றின் வேறாய், செய்வோனும் உணராமல், கண்டோருங் கடியாமல், வழக்கம் என்னும் போர்வையுள் மறைந்து நிகழுந் துன்பமும் ஒன்றுண்டு. அதனைச் செய்வோன் கொடியவனல்லன், பெரும்பாலும் நல்லவனே. தனக்கு முன்னிருந்தோர் செய்தவாறே தானுஞ் செய்கின்றான். ஆதலின் அத்துன்பம் தலைமுறை தலைமுறையாக ஒருவராலும் வினவப்படாது நிலவுகின்றது. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு, மேனாட்டு ஆராய்ச்சிச்சாலைகளில் வளர்க்கப்படுஞ் சுண்டெலியை அதன் கூண்டினின்றும் எடுத்துவந்த முறையிற் காணப்படும்.

மருந்துகளின் இயல்பையும் நோய்களின் தோற்றத்தையும் ஆராயும் அறிஞர்கள் எலியினங்களைப் பெருந்தொகையாக வளர்த்து அவற்றின்கட் சோதனை நிகழ்த்துகின்றனர் என்பது பலரும் அறிந்ததே. பலர் கருதிப் பாராதது யாதெனின், சோதனை நிகழும் நேரம் அவ்வுயிரின் வாழ்நாளில் ஒரு சிறு பகுதி என்பதும், ஏனைய நாட்களெல்லாம் அது கூண்டிலேயே வாழ்கின்றது என்பதுமாம். அந்நாட்களில் அதனை அணுகும் மனிதன், கூண்டினைத் தூய்மை செய்து உணவும் நீரும் வைக்கும் காப்பாளனே. கூண்டு மாற்றும்போதும், எடை பார்க்கும்போதும், உடல்நலம் நோக்கும்போதும் அவன் அதனைக் கையால் எடுத்தல் வேண்டும். அவ்வாறு எடுக்கும் முறை நெடுங்காலமாக ஒன்றே. வாலின் அடியைப் பற்றித் தூக்கி, மற்றொரு கூண்டில் விடுதல் என்பதே அது. இது விரைவில் முடியும். கையிற் கடிபடுதலும் அரிது. மனிதன் செவிக்குக் கேட்கும் கூக்குரலும் பெரும்பாலும் எழுவதில்லை. ஆகவே இதனால் தீங்கொன்றும் இல்லையென்றே யாவருங் கொண்டனர்.

இச்சுண்டெலிகளின் வரலாறு சிறிது கூறுதல் ஈண்டுப் பொருந்தும். அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த கிரான்பி என்னும் ஊரில் ஆபி லாத்ரொப் என்னும் அம்மையார், பள்ளியாசிரியர் தொழிலினின்றும் விலகியபின், 1900-ஆம் ஆண்டையொட்டி, விருப்பத்திற்காகச் சுண்டெலி வளர்ப்போர்க்கு விற்கும்பொருட்டு அவற்றை வளர்க்கத் தொடங்கினார். ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் அவரிடம் வாங்குவாராயினர். அவர் வளர்த்த கூட்டத்தினின்றும் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்பார் 1921-இல் தோற்றுவித்த கருநிறக் குலம், இன்று உலகெங்கணும் ஆராய்ச்சியிற் பெரிதும் பயன்படுங் குலங்களுள் ஒன்றாகும். இங்ஙனம் மனிதர் வீட்டிற் பிறந்து, மனிதர் இட்ட உணவை உண்டு, பற்பல தலைமுறை கடந்தும், அதன் அச்சம் மட்டும் பழைய வயல்வெளிச் சுண்டெலியின் அச்சமாகவே நிற்கின்றது. அதன் எடை 20 முதல் 30 கிராம் வரையே. அதன் நெஞ்சம் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிப்பது. பகலில் ஒடுங்கி இரவில் உலவுவது. கண்ணினும் மூக்கையும் மீசையையுமே நம்பி வழிநடப்பது. ஆந்தைக்கும் பருந்துக்கும் பூனைக்கும் இரையாவது. அத்தகைய உயிர்க்கு மேலிருந்து இறங்கித் தன்னைப் பற்றும் எதுவுங் கூற்றமே. தன்னுடம்பினும் பன்மடங்கு பெரிதாகிய ஒரு கை, ஒளிவிடம் இல்லாத கூண்டினுள் இறங்கி, வாலைப் பற்றித் தலைகீழாக அந்தரத்தில் தூக்குமாயின், அது தன்னைக் காப்பவனுடைய கையென்று அச்சிற்றுயிர் எங்ஙனம் அறியும்?

ஆராய்ச்சிக்கு உட்படும் உயிர்களின் நலம்பற்றிய எண்ணம் மேனாட்டில் புதியதன்று. இங்கிலாந்தில் 1876-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பின்னர், வில்லியம் ரசல் என்னும் விலங்கியலாரும் ரெக்ஸ் பர்ச் என்னும் நுண்ணுயிரியலாரும் கூடி 1959-இல் வெளியிட்ட நூலொன்று, இத்துறைக்கு அடிப்படையாகிய மூன்று நெறிகளை வகுத்துக் கூறிற்று. உயிரைப் பயன்படுத்தாத வேறு வழி உண்டேல் அதனை மேற்கொள்ளுதல் முதலாவது. பயன்படுத்தியே தீரவேண்டுமெனின் அவற்றின் தொகையை இயன்றவரை குறைத்தல் இரண்டாவது. அங்ஙனங் குறைத்தபின்னும் எஞ்சி நிற்கும் உயிர்கள் படுந் துன்பத்தைத் தணிக்குமாறு முறைகளைச் செப்பஞ் செய்தல் மூன்றாவது. இம்மூன்றும் இவ்வரிசையிலேயே வைத்து எண்ணத்தக்கன. சுண்டெலியை எடுக்குங் கையைப்பற்றிய ஆராய்ச்சி மூன்றாவது நெறியின்பாற்படுவது. எனினும், அந்நூல் தோன்றி ஐம்பது ஆண்டுகள் கழிந்தும், வாலைப் பற்றும் வழக்கம் பெரும்பான்மையான சாலைகளில் வினாவின்றியே நடைபெற்று வந்தது.

2010-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து இலிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட், ரெபேக்கா வெஸ்ட் என்னும் இரு பெண்மணிகள் இவ்வழக்கத்தைச் சோதித்துக் கண்டதை வெளியிட்டனர். அவர் கையாண்ட முறை மிக எளியது. சுண்டெலிகளுட் சிலவற்றைப் பழையபடி வாலைப் பற்றி எடுத்தனர். சிலவற்றை இறுகப் பிடியாமல் இரு கைகளையுங் குழித்து அள்ளியெடுத்தனர். எஞ்சியவற்றை ஒளி ஊடுருவும் ஒரு குழலினுட் புகச்செய்து, அக்குழலோடே எடுத்தனர். அக்குழல் ஒரு சாணிற்குக் குறைந்த நீளமும், சுண்டெலி நுழைந்து திரும்பத்தக்க அகலமும் உடையதொன்று. பின்னர்க் காப்பாளரின் கையையோ குழலையோ கூண்டின் முன்புறத்தே சிறிதுபோது அசையாமல் வைத்து, அவ்வுயிர் தானாக என்செய்கின்றது என்று நோக்கியிருந்தனர்.

விளைவு ஐயத்திற்கு இடமின்றித் தோன்றிற்று. வாலாற் றூக்கப்பட்டவை கையைக் கண்டு விலகி ஒதுங்கின. எடுக்கும்போது சிறுநீரும் புழுக்கையும் மிகுதியாகக் கழித்தன. அள்ளியெடுக்கப்பட்டவையும் குழலில் ஏறியவையுமோ தாமே வந்து முகர்ந்தன, மேலேறின, அஞ்சாது நின்றன. தரைக்கு மேலே உயர்த்தி அமைக்கப்பட்டு, நான்கு கிளைகளுள் இரண்டு சுவருடையனவாகவும் இரண்டு திறந்தனவாகவும் உள்ள மேடையொன்றில் அவற்றை விட்டபோதும் இவ்வேற்றுமையே காணப்பட்டது. வாலாற் பற்றப்பட்டவை திறந்த கிளைகளிற் செல்லத் தயங்கிச் சுவரின் மறைவையே நாடின. எடுத்தவர் மாறினும், சுண்டெலியின் குலம் வேறுபடினும் இம்முடிபு மாறவில்லை. ஆகவே அவற்றிற்கு அச்சம் விளைத்தது மனித கையன்று, அக்கை பற்றிய முறையே என்பது பெறப்பட்டது. ஒரே கை கூற்றமாகவும் துணையாகவும் ஆதல் கூடும் என்க.

ஈண்டொரு தடை நிகழும். சுண்டெலியின் அச்சம் சிறிது குறைந்தால் ஆராய்ச்சிக்கு ஆவதென்னை? அறிவு வளர்ச்சியைக் கருதி நிகழும் முயற்சியில் இத்தகைய மென்மை வெறும் மனவிளைச்சல் அன்றோ எனின், அற்றன்று. அஞ்சிய உயிர் மெய்யான விடை தாராது என்பது பலவாற்றானுங் காணப்பட்டது. கெல்லி கூவியா என்பாரும் ஹர்ஸ்டும் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இருவேறு மணங்களைப் பகுத்தறியும் எளிய தேர்வொன்றைச் சுண்டெலிகட்கு வைத்தனர். அஃது அவற்றிற்கு இயல்பிலேயே கைவந்த தொழில். குழலால் எடுக்கப்பட்டவை அதனைத் தெளிவுறச் செய்தன. வாலால் எடுக்கப்பட்டவை புதிய இடத்தில் அடியெடுத்து வைக்கவும் மனமின்றி ஒடுங்கினமையால் தேர்விற் பின்னடைந்தன. காப்பாளனுடைய கையினை அறியாத ஆராய்ச்சியாளன் இதனைக் கண்டு, இச்சுண்டெலிகட்கு மணம் பிரித்தறியும் ஆற்றல் இல்லை என்றே முடிபு கட்டியிருப்பான். அவை இழந்திருந்தது அறிவன்று, துணிவே. நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, வாலாற் பற்றப்பட்ட சுண்டெலிகள் இனிப்பு நீரிலும் ஏனையவற்றினுங் குறைந்த இன்பமே கொண்டன என்று காட்டிற்று. நாள்தோறும் சில நொடியே நிகழும் அச்சம், இனிப்பின் சுவையையுங் குன்றச்செய்தது.

இன்னும் ஒன்று. ஒரு சாலையிற் கண்ட முடிபு மற்றொரு சாலையில் மாறுபடுதல் இத்துறையிற் பெருங்குறையாக எண்ணப்படுவது. 1999-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் போர்ட்லந்து, எட்மண்டன், ஆல்பனி என்னும் வட அமெரிக்க நகரங்கள் மூன்றிலுள்ள சாலையார், ஒரே குலத்துச் சுண்டெலிகளை, ஒரே வகைக் கருவிகளைக் கொண்டு, ஒரே முறையாற் சோதித்தனர். அங்ஙனஞ் செய்தும் சில தேர்வுகளில் முடிபுகள் வெவ்வேறாயின. வலியுணர்ச்சியைப்பற்றி 2002-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட அளவுகளை ஒருங்குவைத்து நோக்கிற்று. அங்கே, சுண்டெலியின் குலம் யாதென்பதைக் காட்டினும் அளந்தவர் யாவர் என்பதே முடிபினைப் பெரிதும் வேறுபடுத்தியது தெரியவந்தது. கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2014-இல் கண்டது இதனினும் வியப்பானது. ஆடவர் அருகிருத்தலானே, அன்றி அவர் உடுத்துக் களைந்த சட்டையின் மணத்தானே, எலிகளும் சுண்டெலிகளும் கலக்கமுற்றன. அக்கலக்கத்தால் அவை வலியை உணர்தலுங் குறைந்தது. அச்சம் வலியை மறைக்கும். வலியே இல்லையென்று காண்போன் கருதுவான். அளவுகோலைப் பிடித்த கையே அளவுகோலை வளைக்குமாயின், அவ்வளவை நம்பி மக்களுக்கு மருந்து வகுத்தல் எத்துணை இடையூறு உடையதென்பதை அறிஞர் உய்த்துணர்க.

மற்றொரு தடை, நேரம் பற்றியது. ஆயிரக்கணக்கான கூண்டுகளையுடைய பெருஞ்சாலையில் ஒவ்வொன்றையும் குழலிற் புகச்செய்து எடுத்தல் இயலுமோ, வாலைப் பற்றினால் நொடியில் முடியுமே என்பர். இதற்கு விடை கூவியாவும் ஹர்ஸ்டும் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் கிடைத்தது. கூண்டு தூய்மை செய்யும்போது மட்டும், இரண்டே நொடிப்போது குழலில் எடுத்தாலும், சுண்டெலி அதற்குப் பழகிவிடுகின்றது. கையால் அள்ளியெடுத்தலுக்குப் பழகுவதற்கு அதனினும் அடிக்கடி எடுத்தல் வேண்டும். வாலைப் பற்றுதலோ, அரிதாகவும் மிகச்சிறிது நேரமும் நிகழினும், ஆழ்ந்த வெறுப்பையே விளைத்தது. ஊசி குத்துதல் முதலாயின பின்னர் நிகழுமாதலின் இம்மென்மையெல்லாம் வீணாகும் என்னும் ஐயத்திற்கும் அவ்வாராய்ச்சியே விடை பகர்ந்தது. மீண்டும் மீண்டும் அசையாமற் பிடித்துத் தோலின்கீழ் மருந்து செலுத்தியபின்னும், குழலாற் பெற்ற நம்பிக்கை அவ்வுயிர்களை விட்டு நீங்கவில்லை. தன்னை நோவச்செய்த கையினையும் அவை மன்னித்தன என்று கூறுதல் மிகையாகும்; ஆனால் அக்கையினைக் கண்டு ஓடவில்லை என்பது கண்கூடு.

எடுக்குங் கையைப்போலவே, வைக்கும் இடமும் கருதத்தக்கது. சுண்டெலியின் உடல் சிறிதாகலின் வெப்பத்தை விரைவில் இழக்கும். அதற்குத் தகுந்த வெப்பம் ஏறத்தாழ 30 பாகை. ஆராய்ச்சிச்சாலைகளின் அறையோ, உடையணிந்த மனிதர்க்கு ஏற்றவாறு, பெரும்பாலும் 20 முதல் 24 பாகை வரையே வைக்கப்படுவது. ஆகவே அது குளிரிலேயே வாழ்கின்றது. வயலில் வாழுஞ் சுண்டெலி புல்லும் நாருங் கொண்டு கூடு முடைந்து அக்குளிரை வெல்லும். ஆராய்ச்சிச்சாலையிற் பிறந்ததற்கும் அவ்வறிவு கெடவில்லை. 8 அல்லது 10 கிராம் அளவு நீண்ட காகிதக் கீற்றுகளை இட்டால், கூரையுடைய முழுக்கூடு சமைத்து அதனுள் உறங்கும். வெறுங்கூண்டில் வைத்தவிடத்து அது கூடு கட்டாமைக்குக் காரணம் அறியாமையன்று, பொருளின்மையே. கூண்டு மாற்றும்போது பழைய கூட்டினை அழுக்கென்று எறிந்துவிடுதலும் ஆராய்தற்குரியது. அக்கூட்டின் மணமே அவற்றிற்கு வீட்டின் அடையாளம். அதனைப் புதிய கூண்டிற்கு எடுத்துச்செல்லின் ஆண் சுண்டெலிகளுக்குள் நிகழும் பூசல் குறைகின்றது. தூய்மை என்பது மனிதன் கண்ணுக்கு ஒன்று; மூக்கினால் உலகை அறியும் உயிர்க்கு மற்றொன்று.

இனி, இவையனைத்தினும் பெரியதோர் ஆசங்கை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. இத்துணைப் பரிவோடு எடுக்கப்படுஞ் சுண்டெலியும் சோதனையின் முடிவிற் பெரும்பாலுங் கொல்லப்படுகின்றது. கொல்லப்போகின்றவன் மெல்ல எடுத்தலால் ஆவதென்ன? பலியாட்டிற்குப் பசுந்தழை ஊட்டுவதன்றோ இது? மேலும், அவ்வுயிர் தன்னை எடுக்குங் கையினை நம்புமாறு செய்து, அந்நம்பிக்கையின் முடிவில் அதன் உயிரைக் கொள்ளுதல், அஞ்சிய உயிரைக் கொல்வதினும் கொடிதன்றோ எனின், இவ்வினா எளிதிற் றள்ளத்தக்கதன்று.

இதற்குக் கூறற்பாலன இரண்டு. முதலாவது, மென்மையாக எடுத்தல் என்பது கொலைக்குக் கழுவாயாகாது. மூன்று நெறிகளுள் மூன்றாவதாகிய செப்பத்தைச் செய்துவிட்டமையால் முதல் நெறியினின்றும் ஒருவன் விடுதலை பெற்றானல்லன். உயிரின்றியே ஆராயத்தக்க வழி உளதாகவும், நல்ல குழலும் நல்ல கூடுங் கொடுத்தோம் என்று மனம் அமைதியுறுமாயின், அவ்வமைதி உறக்கமே. பேணுதலிற் சிறந்தவர்களே, பேணவேண்டிய உயிர்களின் தொகை குறைதற்கும் முன்னின்று உழைத்தற்கு உரியவர்கள்.

இரண்டாவது, சாவு ஒன்றே ஓருயிர்க்கு நிகழ்வதன்று. அதற்கு முன்னே வாழ்வும் நிகழ்கின்றது. சுண்டெலியின் வாழ்நாள் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. ஆராய்ச்சிச்சாலையில் அதனினும் குறைவாதல் பெரும்பான்மை. அச்சில நாட்களிலும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு முழு நாளே. நாளை வருவதனை அது அறியாது. இன்று தன்மேல் இறங்குங் கையினையே அறியும். முடிவை மாற்ற இயலாத காப்பாளனும், இன்றைய நாளை மாற்ற வல்லன். தனக்கு இயலாததைக் காட்டி, இயல்வதையுஞ் செய்யாதிருத்தல் அறமாகாது. தன் பொருட்டு உயிர் கொடுப்பதற்கு உடன்படாத ஒன்றினிடமிருந்து மக்கள் பெறுவது கடன். அக்கடன் முழுதுந் தீர்வதன்று. ஆயினும், தீராக்கடன் என்பதனால் வட்டியையும் மறுத்தல் தக்கதன்று.

இன்னும் ஒன்று கூறி முடித்தல் தகும். அஞ்சாத சுண்டெலி நல்ல விடை தரும் என்பதனாலேயே பலர் வாலை விட்டுக் குழலை மேற்கொள்வாராயினர். அதனாலும் அவ்வுயிர்க்கு நன்மையே; அதனை இகழ வேண்டுவதில்லை. ஆனால் அக்காரணம் ஒன்றனையே பற்றி நிற்பின், விடை வேண்டாதவிடத்து அருளும் வேண்டாததாகிவிடும். எந்தச் சோதனைக்கும் எடுத்துக்கொள்ளப்படாமல், எண்ணிக்கையின் மிகையாய்க் கூண்டிலிருந்து முதுமையுறுஞ் சுண்டெலியும் உண்டு. இனப்பெருக்கத்திற்கென்றே வைக்கப்பட்ட தாயும் உண்டு. அவற்றின் அச்சத்தால் எந்தக் கணக்கும் பிழைபடாது. அவற்றைக் காப்பாளன் எப்படி எடுக்கின்றான் என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை. பயன் கருதிய மென்மைக்கும், அவ்வுயிரைக் கருதிய மென்மைக்கும் உள்ள வேற்றுமை அங்கேதான் விளங்கும். அவ்விரண்டுஞ் செயலால் ஒன்றே. ஒரே குழல், ஒரே இரண்டு நொடி. வேற்றுமை, எடுப்போன் எதிரே உள்ளதை யாதென்று கருதுகின்றான் என்பதில் உள்ளது.

வாலைப் பற்றும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்ததன்று. பல சாலைகள் குழலுக்கு மாறியிருப்பினும், சிலவிடங்களில் பழைய கையே பழைய முறையிலே இறங்குகின்றது. மாற்றத்திற்கு வேண்டும் பொருட்செலவோ ஒரு சிறு குழலின் விலையே. அக்குழலைக் கூண்டிலேயே விட்டுவைப்பின் அவ்வுயிர்க்கு ஒளியவும் உறங்கவும் இடமாகும். காப்பாளன் அதனை மெல்ல அருகே நகர்த்துகின்றான். சுண்டெலி மீசையை அசைத்து முகர்ந்து, பற்றப்படாமல், துரத்தப்படாமல், தானே அடியெடுத்து வைத்து உள்ளே நுழைகின்றது. அந்நுழைவிற்காகக் காத்திருத்தல் ஒன்றே காப்பாளன்பால் வேண்டப்படுவது.